செங்கழுகு டிவிஷன்: களத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

1962 அக்டோபர் 20ஆம் தேதி விடியற்காலையில், இந்தியா, பூட்டான், திபெத் மூன்றும் சந்திக்கும் முனைக்கு அருகே ஓடும் நம்கா சூ என்ற மலையாற்றின் தென்கரையில், இந்தியத் தரைப்படையின் 7ஆவது பிரிகேட் (பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) சில மணி நேரத்துக்குள் சிதறிப்போனது. அங்கே நின்ற நான்கு பட்டாலியன்களில் ஒன்று, 9ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன். 1944 மார்ச்சில் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்துக்கு நேர் கீழே ஒரு பாறை முகட்டைப் பிடித்து, ஏறத்தாழ ஒன்பது நாள் அங்கேயே தாக்குப்பிடித்தது அதே பட்டாலியன்தான். நம்கா சூ கரையில் இருந்த மற்றொரு பட்டாலியன் 4ஆவது கிரனேடியர்ஸ். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்துக் கரும்பு வயல்களில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை மறித்து நின்றது அதே கிரனேடியர்ஸ். மூன்று இடங்களிலும் அவர்கள் பல பிரிகேடுகள் அடங்கிய ஒரே டிவிஷனின் கீழ்தான் போரிட்டார்கள். அதன் எண் 4, சின்னம் செங்கழுகு.

ஒரே பெயரும் ஒரே மரபும் கொண்ட ஒரு படை ஒரு களத்தில் உலகம் வியக்க வெல்கிறது. இன்னொரு களத்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் அழிகிறது. மூன்று ஆண்டுக்குள் மீண்டும் எழுந்து நிற்கிறது. வீரம் கூடியதும் குறைந்ததும்தான் காரணம் என்று சொல்வது எளிது; ஆனால் அது அங்கே மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. இந்த டிவிஷனின் வரலாற்றைக் களம் களமாகப் படிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. போரிட வேண்டிய நிலத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? அந்த நிலத்தில் நிற்கப்போகிறவரா, தொலைவில் இருந்தவரா? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

எகிப்தில் பிறந்த படை

இரண்டாம் உலகப் போர் மூளவிருந்த 1939 ஆகஸ்டில் 11ஆவது இந்தியப் பிரிகேட் எகிப்துக்கு அனுப்பப்பட்டது. சில வாரங்களில் 5ஆவது பிரிகேடும், பின்னர் 7ஆவது பிரிகேடும் சேர, 4ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷன் உருவாயிற்று. அன்றைய இந்தியப் படையின் வழக்கப்படி ஒவ்வொரு பிரிகேடிலும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் இரண்டு இந்தியப் பட்டாலியன்களும் இருந்தன. கேமரன் ஹைலேண்டர்ஸ், ராயல் சசெக்ஸ் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ராஜபுதனா ரைபிள்ஸ், பஞ்சாப் ரெஜிமென்டுகள், சீக்கியர்கள் என்று ஒரு கலவை. பொறியியல் பிரிவுகளில் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று சாப்பர் படைகளின் கம்பெனிகளும் இருந்தன.

முதல் சோதனை 1940 டிசம்பரில் வந்தது. எகிப்துக்குள் நுழைந்திருந்த இத்தாலியப் படை, சிடி பர்ரானியைச் சுற்றி ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில் பல பாசறைகளை அமைத்திருந்தது. அவற்றில் ஒன்றான நிபெய்வாவின் மாதிரியைப் பாலைவனத்தில் மண்ணில் வரைந்து, நவம்பர் இறுதியில் டிவிஷன் ஒத்திகை பார்த்தது. அது வெறும் பயிற்சி என்றே வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவது பயிற்சி என்ற பெயரில் அவர்கள் கிளம்பியது உண்மையான தாக்குதலுக்கு. டிசம்பர் 9 அதிகாலை, கிழக்கே துப்பாக்கி ஓசை எழுப்பி எதிரியின் கவனத்தை இழுத்துவிட்டு, கண்ணிவெடிகள் இல்லாத பின்பக்கமாக மட்டில்டா டாங்கிகளுடன் 11ஆவது பிரிகேட் உள்ளே நுழைந்தது. பாசறைத் தளபதி ஜெனரல் மலெட்டி கொல்லப்பட்டார். மூன்று நாட்களில் 38,000க்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் கைதானார்கள்.

இந்த வெற்றியில் டாங்கிகளின் பங்கு பெரிது. இத்தாலியரிடம் அவற்றைத் துளைக்கும் பீரங்கியே இல்லை. ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது, எப்போது நுழைவது, அதற்கு முன் எத்தனை முறை நடந்து பார்ப்பது என்று அனைத்தையும் தாக்கப்போகும் படையே முடிவு செய்தது. பிற்காலத்து நம்கா சூவை நினைத்துக்கொண்டு இந்த ஒத்திகையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

கெரென்

சிடி பர்ரானியின் புழுதி அடங்கும் முன்பே டிவிஷன் களத்திலிருந்து எடுக்கப்பட்டு சூடானுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து இத்தாலியக் குடியேற்ற நாடான எரித்திரியாவுக்குள் புகுந்து, 1941 பிப்ரவரி தொடக்கத்தில் கெரென் மலைவாயிலை அடைந்தது. அஸ்மாராவுக்குப் போகும் சாலையும் இரயில் பாதையும் டொங்கொலாஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியே செல்கின்றன. இருபுறமும் ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்குக் கற்பாறைச் சரிவுகள் எழும்புகின்றன. இத்தாலியர்கள் சாலையைத் தகர்த்து அடைத்துவிட்டு உச்சிகளில் அமர்ந்திருந்தார்கள். பாலைவனப் போருக்குப் பழகியிருந்த டிவிஷன் இங்கே தண்ணீரையும் தோட்டாவையும் தோளில் சுமந்து ஏற வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3ஆம் தேதி கேமரன்கள் பிடித்த முகடு இன்றும் கேமரன் முகடு என்றே அறியப்படுகிறது. அதற்கு மேலே சஞ்சில் என்ற சிகரம். வலப்புறம் ஆக்வா கணவாய். பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ஆக்வா கணவாயில், 6ஆவது ராஜபுதனா ரைபிள்ஸின் நான்காம் பட்டாலியனைச் சேர்ந்த சுபேதார் ரிச்பால் ராம், தன் கம்பெனித் தளபதி வீழ்ந்தபின் தலைமை ஏற்று, சுமார் 30 பேருடன் இலக்கைப் பிடித்து, அடுத்தடுத்து வந்த ஆறு எதிர்த்தாக்குதல்களைத் திருப்பியடித்தார். தோட்டாக்கள் தீர்ந்தபின், சூழ்ந்துகொண்ட எதிரியின் ஊடாக எஞ்சியவர்களை அழைத்து வந்தார். ஐந்து நாள் கழித்து அதே இடத்தை மீண்டும் தாக்கியபோது உயிரிழந்தார். பிரிட்டிஷ் அரசின் மிக உயரிய போர் வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

பிப்ரவரித் தாக்குதல்கள் தோற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவசரமாக, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பட்டாலியன்களாக ஏற்றப்பட்ட தாக்குதல்கள் அவை. அதன்பின் மேலதிகாரி வில்லியம் பிளாட் எடுத்த முடிவுதான் கெரெனை வேறொரு போராக்கியது. அவர் நிறுத்தினார். ஒரு மாதம் முழுவதும் பொருள்களைச் சேர்த்தார். 5ஆவது இந்திய டிவிஷனைப் பக்கத்தில் கொண்டுவந்தார். வடக்கிலிருந்து வேறொரு வழியாகப் பிரிகேடியர் பிரிக்ஸின் 7ஆவது பிரிகேட் நெருங்கியது. மார்ச் 15இல் மீண்டும் தொடங்கிய தாக்குதலிலும் 4ஆவது டிவிஷனால் சஞ்சிலைப் பிடிக்க முடியவில்லை. பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் 5ஆவது டிவிஷன் டொலொகொரொடொக் மலையைப் பிடித்ததும், சாலையடைப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட முடிந்ததும், சாப்பர்கள் அந்த அடைப்பை அகற்றியதும்தான் மார்ச் 27இல் கெரெனைத் திறந்தன. ஏப்ரல் 1இல் அஸ்மாரா வீழ்ந்தது.

பிரிட்டிஷ் தரப்பில் 536 பேர் இறந்தனர். 3,229 பேர் காயமுற்றனர். கெரெனின் பெருமையைச் செங்கழுகு டிவிஷனுக்கு மட்டும் எழுதிவைக்கும் கட்டுரைகள் உண்டு, அது சரியல்ல. என் பார்வையில் இந்த டிவிஷன் கெரெனில் பெற்ற உண்மையான சொத்து, முகட்டில் எட்டு வாரம் தொங்கிக்கொண்டிருந்து, வேறொருவர் வழியைத் திறக்கும் வரை எதிரியை அங்கேயே கட்டிப்போட்ட பொறுமை. அந்தப் பொறுமைக்கு அர்த்தம் கிடைத்தது, மேலே இருந்தவர் தோற்ற திட்டத்தை மாற்றிக்கொண்டதால்.

பாலைவனத்தின் மூன்று ஆண்டுகள்

1941 ஜூனில் 5ஆவது பிரிகேட் சிரியாவில் டமாஸ்கஸை நோக்கிச் சென்று, மெஸ்ஸே கிராமத்தில் சூழப்பட்டுக் கிட்டத்தட்ட அழிந்தது. அதே மாதம் ஹல்ஃபாயா கணவாயில் 11ஆவது பிரிகேடின் தாக்குதல் தோற்றது. நவம்பரில் 7ஆவது பிரிகேட் சிடி ஓமர் அரணைப் பிடித்தது. 1942 ஜனவரி இறுதியில் ஜெர்மன் தளபதி ரோமெல் லிபியாவின் பெங்காசியைச் சூழ்ந்தபோது, அதே பிரிகேட் சரணடையாமல் எதிரியின் பின்புறப் பாலைவனத்தின் வழியே தெற்கே போய்த் தப்பி வந்தது. ஜூன் 21இல் டோப்ருக் வீழ்ந்தபோது 11ஆவது பிரிகேட் முழுவதுமாகக் கைதானது. பின்னர் அது புதிதாகக் கட்டப்பட்டது. இத்தனை இழப்புக்கும் ஒரு பொதுக் காரணம் உண்டு. டிவிஷன் ஒன்றாக இருக்க விடப்படவில்லை. பிரிகேடுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடன் கொடுப்பது அன்றைய பாலைவனப் படையின் பழக்கமாகியிருந்தது.

1942இன் தொடக்கத்தில் பொறுப்பேற்ற மேஜர் ஜெனரல் பிரான்சிஸ் டக்கர் இந்தப் பழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். மலைப்போரிலும் இரவுத் தாக்குதலிலும் டிவிஷனைத் தேர்ச்சிபெற வைப்பதில் பிடிவாதமாக இருந்தார். அதன் பலன் 1943 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு துனீசியாவின் வாடி அகாரிட்டில் தெரிந்தது. நிலவற்ற இருளில், பீரங்கி முழக்கம் இல்லாமல், 2ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் ஃபட்னாசா மலைகளுக்குள் நுழைந்தது. குறுகிய பாதையில் முன்னின்று ஏறிய சுபேதார் லால் பகதூர் தாபாவுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து ஜெபல் கார்சியில் ராஜபுதனா ரைபிள்ஸின் கம்பெனி ஹவில்தார் மேஜர் சேலு ராம் தன் உயிரைக் கொடுத்து அதே விருதைப் பெற்றார். மே 12இல் வட ஆப்பிரிக்காவில் அச்சுநாடுகளின் தலைமைத் தளபதி ஃபான் ஆர்னிம் இந்த டிவிஷனின் கைகளில் சரணடைந்தார்.

கசினோ: கேட்கப்படாத யோசனை

1944 பிப்ரவரியில், நியூசிலாந்துத் தளபதி ஃபிரைபெர்க்கின் கீழ், டிவிஷன் கசினோ மலைகளுக்கு வந்தது. மடத்தின் மேல் நேராகப் போய் மோதுவது டக்கருக்குப் பிடிக்கவில்லை. மலைகளைச் சுற்றிக்கொண்டு போய் எதிரியின் பின்புறத்தை அறுக்க வேண்டும். அப்படி முடியாது, மடத்தைத் தாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அதை அதிகனமான குண்டுகளால் தகர்க்க வேண்டும் என்பது அவர் நிலை. மடத்தின் கட்டுமானம் பற்றி மேலிடம் எந்தத் தகவலும் தராததால், அவரே நேப்பிள்ஸ் நகரத்துப் புத்தகக் கடைகளில் தேடி 1879ஆம் ஆண்டு நூலொன்றைக் கண்டுபிடித்து, சுவர்களின் அடிப்பகுதி குறைந்தது 10 அடி தடிமன் என்பதை எழுதி அனுப்பினார். அதே நாட்களில் அவர் நோயுற்று மருத்துவமனைக்குப் போக, பீரங்கிப் பிரிவுத் தளபதி பிரிகேடியர் டைமோலின் பொறுப்பேற்றார். டக்கரின் இரண்டு யோசனைகளில் முதலாவது கைவிடப்பட்டது. இரண்டாவது மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது, அதுவும் அரைகுறையாக.

பிப்ரவரி 15ஆம் தேதி காலை விமானங்கள் வந்தன. வானிலை பார்த்துக் குறிக்கப்பட்ட நேரம் அது. தாக்குதலுக்கு டிவிஷன் இன்னும் ஆயத்தமாகவில்லை. மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலியக் குடிமக்கள் பலர் மாண்டார்கள். அதுவரை மடத்துக்குள் நிலைகொள்ளாதிருந்த ஜெர்மானியர்கள், பின்னர் இடிபாடுகளுக்குள் புகுந்து அவற்றைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். 7ஆவது பிரிகேட் எங்கிருந்து கிளம்பவிருந்ததோ அந்த 593ஆம் எண் முகடு அமெரிக்கர் வசம் இருப்பதாகவே சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அது ஜெர்மானியர் கையில் இருந்தது. அன்று இரவு அதைத் தாக்கிய ராயல் சசெக்ஸ் கம்பெனி பாதிக்கு மேல் இழந்தது. மறுநாள் இரவு முழுப் பட்டாலியனும் தாக்கித் தோற்றது. 17ஆம் தேதி இரவு ராஜபுதனா ரைபிள்ஸும் இரண்டு கூர்க்கா பட்டாலியன்களும் ஏறின; முட்புதர்களுக்குள் கண்ணிவெடிகள் காத்திருந்தன.

மார்ச் 15இல் மீண்டும் ஒரு முயற்சி. இம்முறை கசினோ ஊரின் பக்கமிருந்து 9ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் ஒரு கம்பெனி இரவோடிரவாக மடத்துக்கு நேர் கீழே உள்ள 435ஆம் எண் முகட்டை அடைந்தது. உடைந்த கம்பிவடப் பாதைத் தூண் ஒன்று தூக்குமரம்போல் அங்கே நின்றதால், படையினர் அதைத் தூக்கிலிடுவோன் குன்று என்று அழைத்தார்கள். அடுத்த இரவில் பட்டாலியனின் மற்றவர்களும் சேர்ந்தனர். கீழிருந்து வழி அடைபட்டது. விமானத்திலிருந்து போட்ட உணவும் தண்ணீரும் பெரும்பாலும் எதிரியின் சரிவுகளிலோ எட்டாத பள்ளங்களிலோ விழுந்தன. மார்ச் 24ஆம் தேதி இரவு பின்வாங்கும் உத்தரவு கிடைத்து இறங்கி வந்தவர்கள் 8 அதிகாரிகளும் 177 வீரர்களும். கசினோ கடைசியில் மே மாதத்தில், பல தேசப் படைகள் ஒரே நேரத்தில் அகன்ற முன்னணியில் தாக்கியபின் வீழ்ந்தது. மலைகளுக்குள் ஆழமாகச் சுற்றிப்போன பிரெஞ்சுப் படைகள் அதில் செய்த வேலை, டக்கர் பிப்ரவரியில் கேட்டதற்கு மிக நெருக்கமானது.

இங்கே தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பக்கத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. டிவிஷனின் 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியும் 12ஆவது ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் சாப்பர்களுடையவை. படையில் இன்றுவரை ‘தம்பி’ என்று அழைக்கப்படுபவர்கள். கசினோவுக்குப் பின்புற மலைகளில், டாங்கிகள் ஏறுவதற்காக இந்திய, நியூசிலாந்துப் பொறியாளர்கள் எதிரியின் கண்ணெதிரே வெட்டிய பாதைக்குக் கேவண்டிஷ் சாலை என்று பெயர். அந்த மலைமேல் ஓரிடம் மெட்ராஸ் சர்க்கஸ் என்று போர்க்கால வரைபடங்களில் பதிந்தது. 1944 பிப்ரவரி 24ஆம் தேதி, மின்யானோ அருகே, 11ஆவது கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு மறைத்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு மாண்டார். எதிரியோடு நேரடிச் சண்டையில் அல்லாமல் காட்டும் வீரத்துக்கான உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. விக்டோரியா கிராஸ் வரிசையைப் பட்டியலிடும் பலரும் இந்தப் பெயரை விட்டுவிடுகிறார்கள். தாக்குதல் நடக்காத ஒரு நாளில், சாலை ஓரத்தில், சில நொடிகளில் எடுக்கப்பட்ட முடிவு அது. எந்த முகட்டின் பெயரோடும் அது ஒட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதன்பின் டிவிஷன் வட இத்தாலியில் ஜெர்மானியர் அமைத்த காதிக் அரண்வரிசையிலும் சான் மரீனோவிலும் போரிட்டு, 1944 இறுதியில் கிரேக்கத்துக்குப் போய் அங்கே உள்நாட்டுச் சண்டையின் நடுவே நின்றது. போர்க் கணக்கு முடிந்தபோது ஒன்பது போர்க்களங்கள், 15,000 மைல் பயணம், 1,50,000 கைதிகள், 25,000 உயிரிழப்புகளும் காயங்களும். இழப்பு ஒரு முழு டிவிஷனின் எண்ணிக்கையைவிட அதிகம். விக்டோரியா கிராஸ் நான்கு, ஜார்ஜ் கிராஸ் மூன்று.

பிரிந்த மரபு

1947 ஆகஸ்ட் 1இல், பஞ்சாபைப் பிரிக்கும்போது எழவிருந்த கலவரத்தை அடக்க, இந்த டிவிஷனை மையமாக வைத்து மேஜர் ஜெனரல் ரீஸின் தலைமையில் பஞ்சாப் எல்லைப் படை அமைக்கப்பட்டது. 12 மாவட்டங்கள் அதன் பொறுப்பு. ஒரே மாதத்தில் அது கலைக்கப்பட்டது. படுகொலைகளை அதனால் தடுக்க முடியவில்லை. டிவிஷனின் எண்ணும் சின்னமும் இந்தியாவுக்கு வந்தன. ஆனால் அதில் போரிட்ட 1ஆவது, 16ஆவது பஞ்சாப் ரெஜிமென்டுகள் பாகிஸ்தானுக்குச் சென்றன. ஆகவே அந்த டிவிஷனில் ஈட்டிய போர்ப்புகழின் ஒரு பகுதி இன்று பாகிஸ்தான் படையின் கொடிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. செங்கழுகின் மரபை இந்தியாவுக்கு மட்டுமான சொத்தாக எழுதுவது பாதி வரலாறு.

நம்கா சூ

1950களின் பிற்பகுதியில் டிவிஷன் அம்பாலாவில் இருந்தது. பஞ்சாப் சமவெளியில் போரிடவே அதன் பயிற்சி, வண்டி, பீரங்கி அனைத்தும் அமைந்திருந்தன. 1956 முதல் 1959 வரை அதன் தளபதி மேஜர் ஜெனரல் பி.எம். கவுல். வீரர்களைக்கொண்டே அங்கே குடியிருப்புகள் கட்டிய அமர் திட்டத்தால் அவர் அரசியல் தலைமையின் பாராட்டைப் பெற்றார். 1959இல் திபெத் எல்லை கொதித்தபோது இதே டிவிஷன் வடகிழக்கு எல்லைப் பகுதிக்கு (இன்றைய அருணாசலப் பிரதேசம்) அனுப்பப்பட்டது. தலைமையகம் தேஜ்பூரில், பொறுப்பு, பூட்டான் முதல் பர்மா எல்லை வரையுள்ள மலைத்தொடர் முழுவதும். மூன்று பிரிகேடுகளில் 11ஆவது நாகாலாந்துக்குப் பிரிக்கப்பட்டது. பாலைவனத்தில் டக்கர் எதிர்த்த அதே பழக்கம் வேறு வடிவில் திரும்பி வந்தது.

1962 ஜூனில் தாக்லா முகட்டுக்குக் கீழே டோலா என்ற காவல்நிலை அமைக்கப்பட்டது. செப்டம்பர் 8இல் சீனப் படை முகட்டைத் தாண்டி வந்து அதை அச்சுறுத்தியது. சீனரைத் தாக்லாவிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று டெல்லி முடிவு செய்தது. அந்தப் பகுதியின் கோர் (டிவிஷனுக்கு மேலுள்ள படை அமைப்பு) தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங், இருக்கிற படையையும் பொருளையும் வைத்துக்கொண்டு அது முடியாது என்று எழுதினார். அவரிடமிருந்து அந்தப் பொறுப்பு எடுக்கப்பட்டு, அக்டோபர் தொடக்கத்தில் புதிதாக உருவாக்கப்பட்ட 4ஆவது கோருக்குத் தளபதியாகக் கவுல் வந்தார்.

பிரிகேடியர் ஜான் டால்வியின் 7ஆவது பிரிகேடுக்குக் கிடைத்த நிலம் எப்படிப்பட்டது? நம்கா சூ ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. வடகரையில் உயர்ந்து நிற்கும் தாக்லா சீனர் கையில். தென்கரையில், ஆற்றின் ஓரமாகவே, மரப்பாலங்களுக்கு எண் கொடுத்து அவற்றைச் சுற்றி இந்தியப் பட்டாலியன்கள் மைல் கணக்கில் பரவி அமர்ந்திருந்தன. சாலை இல்லை, பொருள்கள் விமானத்திலிருந்து போடப்பட்டன, பெரும்பகுதி பள்ளங்களில் விழுந்து தொலைந்தது. கோடைக்காலப் பருத்திச் சீருடையிலும் சொற்பத் தோட்டாக்களுடனும் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பனிக்காலம் தொடங்கியது. மேலே இருப்பவன் கல்லை உருட்டிவிட்டாலே கீழே இருப்பவன் சாவான் என்னும்படியான இடம். அதைக் கண்டுபிடிக்க இராணுவக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை.

அக்டோபர் 10ஆம் தேதி ஆற்றைக் கடந்து செங்ஜோங்கில் இருந்த 9 பஞ்சாப் பட்டாலியனின் ஒரு சிறு குழுவைச் சீனர்கள் பெரும் எண்ணிக்கையில் தாக்கினார்கள். நேரில் அதைப் பார்த்த கவுல், நிலைமையைச் சொல்ல டெல்லிக்குப் பறந்தார். பிரிகேடைத் தற்காப்புக்கு ஏற்ற உயரத்துக்குப் பின்னே எடுக்க வேண்டும் என்று டால்வி கேட்டார். டெல்லியில் தீர்மானிக்கப்பட்டது வேறு: முகட்டைத் தாக்குவது ஒத்திவைக்கப்படும், ஆனால் பிரிகேட் ஆற்றங்கரையிலேயே நிற்கும். தாக்கவும் முடியாத, தற்காக்கவும் முடியாத இடத்தில் ஒரு பிரிகேட் பத்து நாள் காத்திருந்தது. இந்தப் பத்து நாட்களை நான் இந்த டிவிஷனின் வரலாற்றிலேயே மிகக் கொடியவையாகக் கருதுகிறேன். கசினோவின் பிப்ரவரி இரவுகளைக் காட்டிலும்.

அக்டோபர் 20 காலை, பீரங்கி முழக்கத்தோடு சீனர்கள் இறங்கியபோது அவர்களில் பலர் இரவிலேயே ஆற்றைக் கடந்து நிலைகளுக்கு இடையே ஊடுருவியிருந்தார்கள். 2 ராஜபுத்திர பட்டாலியன் மட்டும் 282 பேரை இழந்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குழிகளிலேயே போரிட்டு மாண்டார்கள். டால்வி அக்டோபர் 22இல் கைதானார். தவாங் கைவிடப்பட்டது. டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாத் மாற்றப்பட்டு ஏ.எஸ். பதானியா வந்தார். நவம்பர் 17, 18 தேதிகளில் சே லா, திராங் ஜோங், பொம்டி லா என்று ஒன்றன்பின் ஒன்றாக டிவிஷனின் எஞ்சிய நிலைகள் உடைந்தன. சே லாவில் 62ஆவது பிரிகேடின் தளபதி ஹோஷியார் சிங் பின்வாங்கும் வழியில் கொல்லப்பட்டார். சே லா, நம்கா சூபோல் மோசமான நிலமல்ல. அங்கே நின்று போரிட்டிருக்க முடியும் என்றே நானும் நினைக்கிறேன். நம்கா சூவின் தோல்வி நிலத்தால் வந்தது. சே லாவின் தோல்வி, நம்கா சூவுக்குப்பின் மேலிடத்தைப் பிடித்த அச்சத்தால் வந்தது.

அசல் உத்தர்

தோல்விக்குப்பின் டிவிஷன் மலைப்போருக்கான டிவிஷனாக மாற்றியமைக்கப்பட்டது. பீரங்கிகள் இலகுவாயின, வண்டிகள் குறைந்தன. 1965 செப்டம்பரில் அந்த மலை டிவிஷனை பஞ்சாப் சமவெளிக்குக் கொண்டுவந்து, பாகிஸ்தானின் கவச டிவிஷனுக்கு எதிரே நிறுத்தினார்கள். 1959இல் சமவெளிப் படையை மலைக்கு அனுப்பிய தவறு, இம்முறை தலைகீழாக நடந்தது.

தொடக்கமும் மோசமாகவே இருந்தது. மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் தலைமையில், பாகிஸ்தானின் கசூர் நகரை நோக்கிச் செப்டம்பர் 6இல் தொடங்கிய தாக்குதல் ஒரே நாளில் குலைந்தது. சில பட்டாலியன்களில் இருந்து வீரர்கள் பெருமளவில் கலைந்துபோனார்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய நிழல் இன்னும் விலகவில்லை என்று மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் கவலைப்படக் காரணம் இருந்தது.

இந்த இடத்தில்தான் நம்கா சூவிலிருந்து இந்தக் கதை பிரிகிறது. நின்ற இடத்திலேயே நின்று சாகும்படி குர்பக்ஷ் சிங்குக்கு யாரும் சொல்லவில்லை. எல்லையோர ஊரான கேம்கரனைவிட்டுச் சில மைல் பின்னே, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரைலாட வடிவில் தற்காப்பு அரணை அமைக்க அவர் முடிவு செய்தார். கையில் எஞ்சியவற்றில் 4 கிரனேடியர்ஸ், 18 ராஜபுதனா ரைபிள்ஸ், 1/9 கூர்க்கா (9ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன்), 9 ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் ஆகியவை இருந்தன. ஒரே இரவில் குழி தோண்டினார்கள். கால்வாய்க் கரைகளை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆளுயரக் கரும்பு டாங்கியின் கண்ணைக் கட்டியது, சேறு அதன் காலைக் கட்டியது. பிரிகேடியர் தியோகராஜின் 2ஆவது கவசப் பிரிகேடைச் சேர்ந்த 3ஆவது கேவல்ரியின் செஞ்சூரியன் டாங்கிகளும் டெக்கான் ஹார்ஸின் பழைய ஷெர்மன் டாங்கிகளும் பக்கவாட்டில் மறைந்து காத்திருந்தன. பாட்டனைவிட ஷெர்மன் எல்லா வகையிலும் பின்தங்கிய டாங்கி. ஆனால் மறைந்து நின்று, பக்கவாட்டிலிருந்து, அருகில் வந்தபின் சுடுபவனுக்கு அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

செப்டம்பர் 8 முதல் 10 வரை அலை அலையாகப் பாகிஸ்தானின் டாங்கிகள் வந்தன. 4 கிரனேடியர்ஸின் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னதிர்வற்ற பீரங்கியுடன் கரும்புக்குள் இடம்மாறி இடம்மாறிப் பல டாங்கிகளை அழித்தார். அந்த ஆயுதம் சுட்டதும் எழும் புழுதியும் தீப்பிழம்பும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்; ஆகவே சுட்டவுடன் நகர வேண்டும். 10ஆம் தேதி நகர்வதற்கு முன் அவரைக் குண்டு தாக்கியது. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நம்கா சூவில் சிதறிய அதே பட்டாலியனின் மனிதர் அவர். அந்தத் தோல்வியைத் தன் உடலில் சுமந்தவர். அன்றைய தினமே பாகிஸ்தானின் பீரங்கிப்படைத் தளபதி பிரிகேடியர் ஷாமி கிரனேடியர்ஸ் நிலைக்கு எதிரே கொல்லப்பட்டார். இந்தியக் கணக்கின்படி 97 பாகிஸ்தானிய டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன. அவற்றை வரிசையாக நிறுத்திவைத்த பிக்கிவிண்ட் அருகேயுள்ள வயல்வெளியை மக்கள் பாட்டன் நகர் என்றே அழைத்தார்கள்.

இந்த வெற்றியோடு கதையை முடித்துவிடுவது பலரின் வழக்கம். செப்டம்பர் 12ஐயும் சொல்ல வேண்டும். லாகூர் அருகே பர்க்கியில் போரிட்டுக் களைத்திருந்த 4 சீக்கியப் பட்டாலியனை, சாராகடி நினைவு நாளான அன்று, கேம்கரனின் பின்புறத்தில் இரவில் ஊடுருவி நிற்கும்படி அனுப்பினார்கள். முன்பக்கத்திலிருந்து டாங்கிகளோடு வரவேண்டிய தாக்குதல் வந்து சேரவில்லை. பட்டாலியன் தளபதி உட்படப் பலர் கைதானார்கள். சாராகடியில் 1897இல் மாண்ட 21 பேரின் பட்டாலியன்தான் இது; இரண்டாம் உலகப் போரிலும் இதே டிவிஷனில் இருந்தது. மரபின் மேல் இருந்த மதிப்பு, களைத்த படையை அனுப்பக் காரணமாக்கப்பட்டது. கேம்கரன் தாஷ்கண்ட் உடன்படிக்கை வரை பாகிஸ்தான் கையிலேயே இருந்தது.

எஞ்சியிருப்பது

1971 டிசம்பரில் மேஜர் ஜெனரல் பராரின் தலைமையில் டிவிஷன் கிழக்கு வங்கத்தில் தர்சனா, ஜெனைதா வழியாக முன்னேறியது. குஷ்டியாவில் முன்னோட்டம் பார்க்காமல் நுழைந்த ஒரு பகுதி பொறியில் விழுந்து இழப்பைச் சந்தித்தது. பின்னர் மதுமதி ஆற்றைக் கடந்து பரித்பூரை நோக்கிச் சென்றபோது போர் முடிந்தது. இன்று 4ஆவது காலாட்படை டிவிஷனின் தலைமையகம் பிரயாக்ராஜில் இருக்கிறது.

அந்தப் படை விட்டுச்சென்ற தடயங்கள் பல நாடுகளில் கிடக்கின்றன. எரித்திரியாவின் கெரெனில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. கசினோ போர்க் கல்லறையில் கல்லறையற்ற இந்தியர்களின் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்பட்டுள்ளன. அசல் உத்தரில் அப்துல் ஹமீதின் சமாதி வயலின் ஓரத்தில் இருக்கிறது. கெரென், கசினோ போர்களைப் பற்றித் தளபதிகளின் அறிக்கைகளும், அரசின் அதிகாரபூர்வ வரலாறுகளும், ஒவ்வொரு பட்டாலியனின் நாட்குறிப்பும் எவருக்கும் கிடைக்கின்றன. டக்கரின் யோசனை மறுக்கப்பட்ட விதத்தை இன்று ஒரு மாணவர் வரிக்கு வரி படிக்கலாம்.

நம்கா சூவைப் பற்றி அப்படிப் படிக்க முடியாது. 1962 தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பிரேமிந்திர சிங் பகத்தும் நியமிக்கப்பட்டு, 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். பகத், 1941இல் கெரென் நடந்த அதே கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் கண்ணிவெடிகளை அகற்றி விக்டோரியா கிராஸ் பெற்ற சாப்பர். நிலத்தை முதலில் தன் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு படையை அனுப்பும் தொழிலில் வளர்ந்தவர். அந்த அறிக்கையின் ஒரு பகுதி 2014இல் வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் வழியாகக் கசிந்தது. முழு அறிக்கையை இந்திய அரசு இன்னும் வெளியிடவில்லை. ஆற்றங்கரையில் பத்து நாள் காத்திருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அந்த முடிவை எடுத்தது யார் என்பதை, அதில் பங்கிருந்தவர்கள் தங்களை நியாயப்படுத்தி எழுதிய நினைவுக் குறிப்புகளில்தான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.